முட்டக்கூடாத இரண்டு முனைகள்

கனகசுந்தரம் குளியலறையில் நின்று, மனைவியின் கைக்கண்ணாடியை முதுகுப் பக்கம் பிடித்துத் தன் இடுப்பைப் பார்த்தார். வயிற்றில் கிளம்பிய சிவப்புத் தடிப்பு இரண்டு பக்கத்தாலும் முதுகுக்குப் போயிருந்தது. நடுவில் நாலு விரல் இடைவெளிதான் மிச்சம்.

கோயில் திருவிழா தொடங்கியதிலிருந்து இந்த அரிப்பு. ஓர்ஸ் ஹில் கந்தோரில் காற்சட்டையோடு வேலை பார்த்தே காலம் தள்ளியவரை இந்த வருடம் சாமி தூக்கச் சொல்லிவிட்டார்கள். நடுவீதியில், ஊர் பார்க்க, வேட்டி அவிழ்ந்தால்? அந்தப் பயத்தில் கஞ்சி போட்ட வேட்டியை வரிந்து கட்டி, அதற்கு மேல் சால்வையையும் இறுக்கி வந்தார்.

கந்தோர் நண்பர் சோமசேகரத்திடம் மட்டும் சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"ஐயோ, இது அக்கியெல்லே! இடுப்பைச் சுத்தி வந்து ரெண்டு முனையும் முட்டிச்சுதெண்டால் ஆள் முடிஞ்சுது."

"ஆசுப்பத்திரிக்குப் போகட்டோ?"

"ஊசி போட்டால் இன்னும் கெதியா முட்டுமாம். வேப்பெண்ணெய் பூசுங்கோ."

பூசினார். எண்ணெய் இடுப்பில் வேட்டி வழுக்கியது, இன்னும் இறுக்கினார். பயத்தில் சோறு இறங்கவில்லை. வயிறு உள்ளே போக வேட்டி மறுபடி தளர்ந்தது; மறுபடி இறுக்கினார். இடைவெளி ஒரு விரலாகிவிட்டது.

"ஏனப்பா சாப்பிடுறியள் இல்லை?" என்று கேட்டாள், உப்புவெளிப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் மனைவி புஸ்பராணி.

"விரதம்."

பாவம், அவள் பயந்துவிடுவாள் என்று அவர் தனியாகவே நடுங்கினார். சாமி தூக்கும்போது, அடுத்த திருவிழாவுக்குத் தன் படத்துக்கு மாலை போட்டிருப்பார்களே என்று கண்ணீர் கொட்டியது. பக்தி முற்றிவிட்டது என்று சனம் அவரையும் சேர்த்துக் கும்பிட்டது.

ஒரு மத்தியானம் கண்ணாடியில் பார்த்தார். முனைகள் முட்டியிருந்தன.

கட்டிலில் போய் விழுந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்த புஸ்பராணி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இஞ்ச வாரும் புஸ்பம். மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேளும். எனக்கு அக்கி. முட்டிட்டுது. நான் இனித் தப்பமாட்டன்."

சேலையைக்கூட மாற்றாமல் குனிந்து பார்த்தாள். அவள் அழவில்லை. கொசுவத்தைக் கொஞ்சம் இறக்கித் தன் இடுப்பைக் காட்டினாள். சுற்றிவரக் கறுத்துத் தடித்த ஒரு வளையம்.

"பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டி எனக்கு முட்டிப் பதினெட்டு வருசமப்பா, நீங்கள் இண்டைக்குத்தான் பாக்கிறியள்."