புள்ளி நம்மளப் பாத்து வருது

எனக்கு நாய் என்றால் பயம். சின்னப் பயம் இல்லை. பேகம்பூரில் பிரியாணி வாங்கக் கிளம்பினால், எந்தத் தெருவில் எந்த வண்டிக்கு அடியில் எது படுத்திருக்கும் என்று யோசித்து, ஊரையே சுற்றிக்கொண்டு போகிறவன் நான். வீடு வந்து சேர்வதற்குள் பிரியாணி ஆறிவிடும். பெண் பார்க்கப் போன இடத்தில் இதை யாரும் விசாரிக்கவில்லை. (சம்பளத்தை விசாரித்தார்கள், சர்க்கரை உண்டா என்று விசாரித்தார்கள். நாயை மட்டும் விட்டுவிட்டார்கள்.)

நிச்சயதார்த்தம் முடிந்த பிறகு, ரீட்டாவின் அப்பா என்னைச் சிறுமலைக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். அங்கே அவருக்கு மலைவாழையும் மிளகும் காப்பியும் போட்ட தோட்டம். பஸ் வளைந்து வளைந்து மேலே ஏறியது. தோட்டத்து வாசலில், கன்றுக்குட்டி உயரத்தில் செம்பட்டை நிறத்தில் ஒன்று வந்து என் முன்னால் நின்றது. பெயர் பவுனு.

"ஒண்ணும் செய்யாது மாப்ளே, சும்மா மோந்து பாக்கும்," என்றார் மாமா.

பவுனு என் பேண்ட்டை முழங்காலில் தொடங்கி மேல்நோக்கி மோந்து முடிக்கும் வரை நான் மூச்சு விடவில்லை. முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பை ஒட்டவைத்திருந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் மாமா ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். பெங்களூரில் இருக்கும் ரீட்டாவின் அண்ணன் அனுப்பிய ஜி.பி.எஸ். பட்டை. நாயின் கழுத்தில் கட்டிவிட்டால், அது எங்கே ஓடினாலும் செல்போன் வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரியும்.

"காட்டுப்பன்னிய வெரட்டிக்கிட்டு இது பாட்டுக்குக் காட்டுக்குள்ள போயிருது மாப்ளே. திரும்பி வார வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது. நீங்க கம்ப்யூட்டர் வாத்தியாரு, கொஞ்சம் மாட்டிக் குடுங்க."

ரீட்டா என்னைப் பெருமையாகப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் என்னைக் கெடுத்தது.

"இதென்ன மாமா, செத்த நேரத்து வேலை," என்றேன்.

அதற்கான ஆப்பை என் போனில் ஏற்றினேன். பட்டையை ரீட்டா கட்டினாள். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடி, "இன்னுங் கொஞ்சம் இறுக்கு" என்று ஆலோசனை வழங்கினேன். பிறகு யாரும் கேட்காமலேயே, "அவுத்து விடுங்க மாமா, சோதிச்சுப் பாத்துருவோம்" என்றேன். (அது போய்விட்டால் நிம்மதியாக ஒரு காப்பி குடிக்கலாம் என்ற நல்லெண்ணம்.)

பவுனு வாழைகளுக்கு நடுவே பாய்ந்து மறைந்தது. புள்ளி அழகாக நகர்ந்தது. மாமா கைதட்டினார். காப்பி வந்தது. புள்ளி நின்றது.

மலையில் சிக்னல் வரும், போகும். புள்ளி நின்றால் நாயும் நின்றுவிட்டதாக அர்த்தமில்லை. இப்போது தெரிகிறது. அப்போது காப்பி ஆறி ஆடை படியும் வரை போனையே வெறித்துக்கொண்டிருந்தேன். மாமா எட்டிப் பார்த்தார்.

"இது ஓடைப்பள்ளமுல்ல? காட்டுமாடு தண்ணி குடிக்க வார எடமாச்சே." அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "கொம்புல தூக்கி எறிஞ்சிருச்சுன்னா அம்புட்டுத்தேன். நான் மேப்பக்கமாப் போறேன். நீங்க ரெண்டு பேரும் போனைப் பாத்துக்கிட்டே கீழ்ப்பாதையில வாங்க."

கீழ்ப்பாதையின் இரண்டு பக்கமும் ஆளை மறைக்கும் காப்பிச் செடிகள். பட்டப்பகலிலேயே இருட்டு. மேலிருந்து மஞ்சு மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. "பவுனூ! பவுனூ!" என்று கூப்பிட்டபடி ரீட்டா முன்னால் போனாள். போகப் போக அவள் குரல் உடைந்தது. நானும் கூப்பிட்டேன். காட்டுமாட்டின் காதில் விழாத அளவுக்குக் கூப்பிட்டேன். விருந்துக்கு வந்த அன்றே வீட்டின் செல்லத்தைச் சாகவிட்ட மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்ற நினைப்பும் கூடவே நடந்துவந்தது.

அப்போது புள்ளி அசைந்தது.

"உசுரோட இருக்குங்க!" என்றாள் ரீட்டா.

புள்ளி ஓடையை விட்டு ஏறியது. வேகமாக வந்தது. ஆனால் ஒரு குரைப்பு இல்லை. தூரத்தில் கிளைகள் முறிகிற சத்தம் மட்டும்.

"ரீட்டா, புள்ளி நம்மளப் பாத்து வருது."

"வரட்டும். நம்ம நாய்தான?"

"புள்ளி பட்டைக்குள்ள இருக்கு. பட்டை நாய் கழுத்துல இருக்கு. இப்ப அந்த நாய் எந்தச் சிறுத்தை வயித்துக்குள்ள இருக்கோ, யாருக்குத் தெரியும்?"

ரீட்டாவின் முகம் வெளுத்தது. பக்கத்துச் செடி படபடவென்று ஆடியது. அடுத்து நான் இருந்த இடம் ஒரு பலாமரத்தின் நடுக்கிளை. எப்படி ஏறினேன் என்று இன்று வரை தெரியாது. வீட்டில் பல்பு மாட்டுவதற்கே இரண்டு பேர் ஏணியைப் பிடிக்க வேண்டும் எனக்கு.

கீழேயிருந்து ஒரு குரல் மெதுவாகக் கேட்டது. "ஏங்க... அப்ப நானு?"

அதற்கு நான் சொன்ன பதிலை மறைக்க விரும்பவில்லை. "நீ அசையாம நில்லு! அசைஞ்சாத்தான் பாயும்!"

செடியைப் பிளந்துகொண்டு வந்தது பவுனுதான். உடம்பெல்லாம் சேறு. ரீட்டாவின் மேல் பாய்ந்து முகத்தை நக்கியது. பிறகு முன்னங்கால்களைப் பலாமரத்தில் ஊன்றி, என்னைப் பார்த்து அதுவரை சேர்த்துவைத்திருந்த குரைப்பையெல்லாம் குரைத்தது. மரத்திலிருந்த முசுறு எறும்புகள் வேறு என் முதுகை விசாரிக்கத் தொடங்கின. கீழே பவுனு, மேலே முசுறு. நான் முசுறையே தேர்ந்தெடுத்தேன்.

மாமா மூச்சிரைக்க வந்தார். நாயைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். கடைசியாக அண்ணாந்து பார்த்தார்.

"மாப்ளே, அங்கிட்டு என்ன செய்யிறீங்க?"

"சிக்னல் மாமா. மேல நல்லாக் கிடைக்குது."

"போனு கீழ கெடக்கே, மாப்ளே."

நாயைக் கட்டியபிறகுதான் இறங்கினேன். வீடு வரை ரீட்டா ஒரு வார்த்தை பேசவில்லை. காட்டுமாடு, சிறுத்தை, பவுனு எல்லாம் சேர்ந்து தராத பயத்தை அந்த மௌனம் தந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போது மோதிரத்தைக் கழற்றித் தந்துவிடுவாளோ என்று அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நாய்க்குப் பயமா?" என்றாள்.

"ஆமா."

"காட்டுமாட்டுக்கு?"

"அதுக்கும்."

"என்னைய விட்டுட்டு ஏறுனீங்க பாருங்க, அதுக்கு?"

"அதுக்குத்தான் இப்ப ரொம்பப் பயமா இருக்கு," என்றேன்.

உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. வெடித்துச் சிரித்தாள். "எனக்கும் காலு வெடவெடன்னு ஆடிருச்சு. மரமேறத் தெரிஞ்சிருந்தா உங்களத் தள்ளிவிட்டுட்டு நான் ஏறியிருப்பேன்."

கல்யாணம் நடந்தது. ஆனால் அந்த மரத்துக்குத் தோட்டத்தில் 'மாப்ள மரம்' என்று பெயராகிவிட்டது. பழம் பழுக்கிற காலத்தில், "மாப்ள மரத்துப் பழம் வருது, எறக்கிக்கங்க" என்று சொல்லி மாமா மலை பஸ்ஸில் போட்டுவிடுவார். கண்டக்டர் உட்பட எல்லோருக்கும் கதை தெரியும். போன முறை பழத்தை அரிந்துகொண்டிருந்தபோது எங்கள் மகள் கேட்டாள்:

"அப்பா ஏம்மா ஒன்னயக் கீழ விட்டுட்டு ஏறுனாரு?"

நான் எண்ணெய்க் கையோடு சுளையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரீட்டா தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"எனக்கு மேல எடம் இருக்கான்னு பாக்கப் போனாருடி."