வாபஸ் மதாமுக்கு எதிராக நான் சொன்ன சாட்சி

ஒருமுறை நீதிபதி முன்னால் கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னேன். அதுவும் யாருக்கு எதிராக? புதுச்சேரிக் கடைத்தெருவில் எந்த வியாபாரியாலும் ஏமாற்ற முடியாதவர் என்று பெயர் எடுத்த வாபஸ் மதாமுக்கு எதிராக. இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி வேடிக்கையாக மட்டும் எழுதினால் அது என் இரண்டாவது பொய்யாகிவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் எங்கள் ஊரில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. சட்டமும் பிரெஞ்சுச் சட்டம். மதாமின் கணவர் வியட்நாமில், சைகோன் நீதிமன்றத்தில் வேலை பார்த்துச் செத்துப்போனவர். உயிரோடிருந்தவரை சாப்பாட்டு மேசையில் மனைவியிடம் வழக்குகளைப் பற்றியே பேசுவாராம். மற்ற சைகோன் விதவைகள் பட்டும் பீங்கானும் கொண்டு வந்தார்கள். இவர் கொண்டு வந்தது இரண்டே இரண்டு பிரெஞ்சு வார்த்தைகள்: 'வீஸ் கஷே.' ஒளிந்திருக்கும் குறை என்று பொருள். விற்ற பொருளில் கண்ணுக்குத் தெரியாத குறை இருந்தால் விற்றவன்தான் பொறுப்பு. பொருளைத் திருப்பிக் கொடுத்து விலையைக் கேட்கலாம். வாங்கும்போதே தெரிந்த குறை என்றாலோ, விற்றவன் சொல்லிவிட்ட குறை என்றாலோ கேட்க முடியாது. அவ்வளவுதான் அவருடைய சட்டப் படிப்பு. அதை வைத்துக்கொண்டு, வாங்கியதையெல்லாம் 'வாபஸ்' என்று திருப்பிக் கொண்டுபோய் ஊரையே ஆட்டி வைத்தார்.

ஒழுகும் குடையை விற்ற கடைக்காரரை அவர் கடை வாசலிலேயே குடையோடு நிற்க வைத்து, தலைமேல் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தார்.

"இன்னா மதாம் இது!" என்று கத்தினார் கடைக்காரர்.

"ஒழுவுதா இல்லியா? நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்ட."

பால்காரர் பயந்துபோய், மாட்டையே அவர் வீட்டு வாசலுக்கு ஓட்டி வந்து கண்ணெதிரே கறந்தார். மதாம் மாட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "வர்ற வழியில இது எவ்ளோ தண்ணி குடிச்சிது?" என்று கேட்டார்.

அவரை ஜெயித்த ஒரே ஆள் போட்டோ ஸ்டூடியோக்காரர். "இந்தப் படத்துல இருக்கறது நான் இல்ல, வாபஸ் வாங்கிக்க" என்று மதாம் போய் நின்றார். ஸ்டூடியோக்காரர் பணிவாக, "மதாம், இது ஒளிஞ்ச குறை இல்லீங்க. வீட்டுக் கண்ணாடியில நீங்க தெனம் பாத்திருப்பீங்க" என்றார். மதாம் படத்தை ஒருமுறை, கடைக் கண்ணாடியை ஒருமுறை பார்த்தார். "சட்டப்படி நீ சொல்றது சரி" என்று சொல்லிப் படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நியாயம் என்றால் தனக்கு எதிராக இருந்தாலும் ஏற்றுக்கொள்வார். அவருக்கு நான் செய்ததை நினைக்கும்போது இதுதான் அதிகம் வலிக்கிறது.

அப்போது நான் தையல் மிஷின் விற்கும் கடை ஒன்றில் கணக்கு எழுதினேன். பிரெஞ்சுப் பள்ளியில் தேறியவன் என்ற கர்வம் உண்டு. மதாம் தன் தங்கை மகள் ரோசாலிக்காக எங்களிடம் ஒரு கைமிஷின் வாங்கினார். ரோசாலியின் புருஷன் கப்பலேறிப் போனவன், திரும்பவும் இல்லை, கடிதமும் இல்லை. தைத்துப் பிழைக்கலாம், இல்லாவிட்டால் கைக்குழந்தையை யாரிடமாவது விட்டுவிட்டு அடுத்தவர் வீட்டில் சமைக்கப் போக வேண்டும். தேவாலயத்தில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கும் பெண் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுன் தைக்க ஏற்றுக்கொண்டிருந்தாள்.

முதல் கவுன் முடிவதற்குள் மிஷினின் இரும்புக் கை வெடித்துவிட்டது. அது ஏற்கெனவே வெடித்து, பற்றவைத்து, மேலே கறுப்பு வர்ணம் பூசப்பட்ட மிஷின். வெடிப்பு இருந்த இடத்தில் அழகாக ஒரு தங்கப்பூ கூட வரைந்திருந்தார்கள். வர்ணம் காயும்போது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

மதாம் சமாதான நீதிபதியிடம் போனார். சின்ன வழக்குகளை விசாரிப்பவர் அவர்தான். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "விக்கும்போதே வெடிப்பக் காட்டித்தான் குடுத்தோம்னு சொல்லிடு. நீ பிரெஞ்சுல சொன்னா தொர நம்புவாரு" என்றார். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பாதி. வெள்ளைக்கார நீதிபதியிடம் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் நேராகப் பேசலாம் என்ற ஆசை மறு பாதி. இரண்டில் எது பெரியது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

நல்ல இலக்கணத்தோடு பொய் சொன்னேன். நீதிபதி தலையசைத்தார். மொழிபெயர்ப்பாளர் சொல்லித்தான் மதாமுக்கு விஷயம் புரிந்தது. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. தன் கண் மேலேயே சந்தேகம் வந்தவர் போலக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தீர்ப்பு அடுத்த அமர்வில் என்றார்கள்.

அன்று முதல் கணக்கு நோட்டில் ஒரே கூட்டலை மூன்று முறை தப்பாகப் போட்டேன். கடைசியில், இறந்துபோன என் அம்மாவின் கைமிஷினை ஆள் தள்ளும் புஷ் வண்டி ஒன்றில் ஏற்றிக்கொண்டு மதாம் வீட்டுக்குப் போனேன். உள்ளே குழந்தை அழுதுகொண்டிருந்தது. ரோசாலி முடியாத கவுனைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

மதாம் மிஷினைக் கவிழ்த்துப் பார்த்தார். சக்கரத்தைச் சுற்றினார், ஊசியைத் தடவினார். பிறகு, "மிஷின்ல குறை இல்ல. குடுக்கறவன் கிட்டதான் இருக்கு. வாபஸ்" என்றார்.

"மதாம், ரோசாலிக்காகவாவது..."

"இது தர்மம், தம்பி. நான் தர்மம் கேக்கல. வித்தவன் திருப்பி வாங்கணும். நீ பிரெஞ்சுல பொய் சொன்ன அதே எடத்துல நின்னு தமிழ்ல உண்மையச் சொல்லு."

"ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்க மதாம்."

"அனுப்பினா ஞாயித்துக்கெழம நான் வந்து பாக்கறேன். கறிக்கொழம்பு கொண்டாறேன்."

ஏமாற்றியவனுக்கே கொண்டு வருவேன் என்ற அந்தக் கறிக்குழம்பு என்னை ஒரு முடிவுக்குத் தள்ளியது. தீர்ப்பு நாளன்று, நீதிபதி வாய் திறக்குமுன் எழுந்து நின்றேன். "நான் சொன்னது பொய். வெடிப்ப யாருக்கும் காட்டல. அது மேல வர்ணம் பூசினத நானே பாத்தேன்" என்று தமிழில் சொன்னேன். பிரெஞ்சில் பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. தமிழில் உண்மை ஒவ்வொரு சொல்லாகத்தான் வெளியே வந்தது. மொழிபெயர்ப்பாளர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு மொழிபெயர்த்தார். நீதிபதி முகம் சிவந்து வெகுநேரம் பேசினார்.

"இன்னா சொல்றாரு?" என்று மதாம் கேட்டார்.

"அதத் தமிழ்ல சொல்ல முடியாதுங்க மதாம்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

தீர்ப்புக்கு முன்பே உண்மையைச் சொன்னதால் என்னைச் சிறைக்கு அனுப்பவில்லை. மிஷினை முதலாளி திரும்ப எடுத்துக்கொண்டு முழு விலையையும் கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது. நீதிமன்றப் படியிறங்குமுன் என் வேலை போயிற்று. பொய்ச் சாட்சிக்காரன் என்று சில கடைகளும், உண்மையைச் சொல்லிவிடுவான் என்று மற்ற கடைகளும் எனக்கு வேலை தர மறுத்தன.

மறுநாள் காலை மதாம் என் வீட்டு வாசலில் குடையோடு நின்றார். "சட்டைய மாட்டு. ரோசாலிக்கு வேற மிஷின் வாங்கப் போவணும்."

பெரிய வாய்க்கால் பக்கத்துக் கடையில் ஒரு மிஷினை எடுத்து வைத்தார்கள். நான் குனிந்து அடிப்பக்கம், கை, சக்கரம் எல்லாம் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். கடைக்காரர் மதாம் பக்கம் திரும்பி, "மதாம், நீங்களும் ஒரு தபா பாத்துடுங்க. அப்பறம் வாபஸ்னு வரக் கூடாது" என்றார்.

மதாம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எதுக்கு? அதான் எம் புள்ள பாத்துட்டானே" என்றார்.

நான் மறுபடியும் குனிந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் இன்னொரு முறை பார்த்தேன்.