சின்னதா, சாய்வா, மூலையில

"சின்னதா தெரியுது சார். மூலையில, ஒரு ஓரமா."

வாட்ச்மேன் போனில் சொன்னதும் கணினிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாவுக்கட்டுப் போட்ட காலை ஸ்டூல்மேல் நீட்டிக்கொண்டு, வீட்டிலிருந்தே லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி ஹாலில் ஆளகல டிவி. அதன் முதுகில் சோப்புப்பெட்டி அளவில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். எந்த டோக்கன் எந்த அறைக்கு என்று அதுதான் காட்ட வேண்டும். இன்று காலை பெரிய டாக்டர் பார்த்துத் திருப்திப்பட்டால் அவருடைய தற்காலிக வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மாசக் கடைசியில் டாட்டா.

"நல்லாப் பாருப்பா, முழுசா நிறையலையா?"

"எங்க சார்! எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு."

ஹாலில் நர்ஸ்கள் யாரும் போனை எடுப்பதில்லை. முதல் மணியிலேயே எடுப்பவர் வாட்ச்மேன் ஒருவர்தான். பாவம், சொன்னதை அப்படியே செய்கிற மனுஷர்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள் மனைவி.

"டிவி பெருசு, கம்ப்யூட்டர் சிறுசு. அதோட ரெசல்யூஷனுக்கு ஒரு வரம்பு இருக்கு. டிவிக்கு அது பத்தலை போல."

"அப்ப சின்ன டிவியா வாங்கியிருக்கலாமே?"

"நீ வேற!"

அந்தக் குட்டிக் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்கும் என்று தெரிந்தும், டிவியின் முழு ரெசல்யூஷனுக்கு ஏற்றிவிட்டார்.

"இப்போ?"

"இன்னும் சின்னதாயிடுச்சு சார். ஜனங்க எந்திரிச்சு டிவிகிட்ட போய் ஒட்டிக்கிட்டு நிக்கிறாங்க. கையை ஆட்டி என்னமோ பேசறாங்க, ஒண்ணும் கேக்கல."

"அவ்வளவு சத்தமா அங்க?"

"சத்தமே இல்ல சார்."

கணினிக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை முறைத்துப் பார்த்தார். பிறகு ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைத்தார்.

"அதே மூலைதான் சார். மேல தேதியும் நேரமும் ஓடுது."

"தேதியா? நான் தேதியே போடலையேப்பா!"

"செகண்டோட ஓடுது சார், அழகா."

யாரோ திருட்டுத்தனமாக உள்ளே புகுந்துவிட்டான்! பதறிப்போய்ப் பாஸ்வேர்டை மாற்றி, எல்லாவற்றையும் அணைத்து மறுபடி கிளப்பினார். ஐந்து நிமிடம் டிவி இருண்டு கிடந்தது. அப்புறமும் தேதி போகவில்லை.

"இன்னொண்ணு சார், சொல்லலாமா? படம் கொஞ்சம் சாய்வா இருக்கு."

"சாய்வாவா? எந்தப் பக்கம்?"

"இடது பக்கம் இறங்கியிருக்கு."

சாய்வை நிமிர்த்த அந்தக் கம்ப்யூட்டரில் வழி கிடையாது. திருப்பினால் கால் வட்டம் மொத்தமாகத் திரும்பும். இது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதற்குள் அவர் மூளை லீவு போட்டுவிட்டிருந்தது. திருப்பிவிட்டார்.

"எல்லாரும் தலையைச் சாய்ச்சுக்கிட்டுப் பாக்கறாங்க சார். ஒருத்தர் மூணு நாற்காலியைச் சேர்த்துப் படுத்தே பாக்கறார்."

மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். இவருக்கு அழுகை முட்டியது. படத்தை நிமிர்த்தி, எழுத்தை நாலு மடங்கு பெரிதாக்கினார்.

"ஆங்! இப்ப தெளிவாத் தெரியுது சார். ஆறு!"

"ஆறா? இப்ப பதினாறுதானே ஓடணும்?"

"ஆறுதான் சார். ஆனா ஒரே கதவுல மூணு பேர் முட்டிக்கிட்டு நுழையறாங்க."

பெரிதாக்கியதில் பதினாறின் ஒன்று திரைக்கு வெளியே போய், ஆறு மட்டும் நின்றிருந்தது; ஆறில் முடிகிற டோக்கன்காரர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் பெரிய டாக்டரே போனில் வந்தார்.

"ஏங்க, ஒம்பது மணிக்கு நான் வந்தப்ப படம் பளிச்சுன்னு இருந்துச்சு. சந்தோஷமா உங்க வேலை நிரந்தர ஆர்டர்ல கையெழுத்துகூட போட்டேன். அதுக்கப்புறம் என்ன கூத்து இது? பத்து நிமிஷம் தரேன். காலையில இருந்த மாதிரி ஆக்குங்க. இல்ல, அந்தக் காகிதத்தை நானே கிழிச்சுடுவேன்."

ஒன்பது மணிக்குப் பளிச்சென்றா? அப்படியென்றால் வாட்ச்மேன் சொன்னதெல்லாம்? தலை சுற்ற, எல்லாவற்றையும் காலையில் இருந்தபடியே திருப்பி வைத்தார். எட்டாவது நிமிடம் பெரிய டாக்டரிடமிருந்து ஒரு வரி வந்தது: 'இப்ப சரி. இனிமே அதைத் தொடாதீங்க.'

வேலை பிழைத்தது. பெருமூச்சு விட்டார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டார்.

"இப்ப எப்படிப்பா இருக்கு?"

"ஒரு மாத்தமும் இல்ல சார். காலையில இருந்த மாதிரியேதான். சின்னதா, சாய்வா, மூலையில."

"யோவ்! டிவிக்கு நேரா நின்னு பாத்துட்டுச் சொல்லுய்யா!"

"டிவிக்கு நேராவா? கேட்டை விட்டு ஒரு அடி நகரக் கூடாதுன்னு உத்தரவாச்சே சார். போன மாசம் என் ரூம்ல நீங்களே கேமரா படமெல்லாம் தெரியற பெட்டி ஒண்ணு மாட்டிக் குடுத்தீங்கல்ல, அதுல பதினாறு கட்டத்துல ஹாலைச் சாய்வாக் காட்டற கடைசிக் கட்டத்தைப் பாத்துத்தான் காலையிலேருந்து சொல்லிக்கிட்டிருக்கேன்!"