நாலு மணிக்கு மூழ்கும் வீடு

பாலத்துக் காவலரணில் நின்ற சிப்பாய், நல்லரத்தினத்தின் பையிலிருந்து கடிதத்தை உருவியபோது மணி இரண்டு. ஈட்டுப் பத்திரம் முடிக்கும் நொத்தாரிசு எழுதியது: 'இன்று நாலு மணிக்குள் மீட்காவிட்டால் வீடு மூழ்கிவிடும்.'

நல்லரத்தினம் ஆரையம்பதியில் தையல்காரர். மகளின் கல்யாணத்துக்காக வீட்டை ஈடு வைத்தவர். மீட்கும் காசு மடியில் இருந்தது. நொத்தாரிசின் கந்தோர் பாலத்துக்கு அப்பால், மட்டக்களப்பு நகரத்தில் இருந்தது.

சிப்பாய்க்குத் தமிழ் கொஞ்சம்தான். வரிசையில் பின்னால் நின்ற காத்தான்குடிப் புடவை வியாபாரி உசனார், உதவுகிறேனென்று சொல்லுக்குச் சொல் சிங்களத்தில் சொன்னார்.

சிப்பாயின் முகம் மாறியது. "என்ன மூழ்கும்? பாலம்?"

"ஐயோ, வீடு ஐயா!"

"வீடு எப்பிடி மூழ்கும்?"

"நான் மீட்காட்டி மூழ்கும்."

மீட்பதை உசனார் காப்பாற்றுவது என்று மாற்றிச் சொல்லிவிட்டார். சிப்பாய் துவக்கைத் தோளிலிருந்து இறக்கினான். "யாரைக் காப்பாத்தப் போறது?"

"உசனார் காக்கா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. நான் படம் கீறிக் காட்டுறன்."

நல்லரத்தினம் சட்டைப்பையிலிருந்த தையல் சோக்கை எடுத்துத் தரையில் ஒரு வீடு கீறினார். பக்கத்தில் நாலு மணி காட்டும் கடிகாரம். பிறகு வீட்டின் மேல் பெரிதாக ஒரு குறுக்குக் கோடு.

சிப்பாய் விசில் ஊதினான். இன்னும் இரண்டு பேர் ஓடி வந்து அவரை மண்மூட்டையில் இருத்தினார்கள்.

மணி மூன்றேகால். அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை, எழும்பவும் விடுகிறார்களில்லை.

திடீரென்று உசனார் நெற்றியில் தட்டினார். "அவங்கட சொல்லு ஞாபகம் வந்திட்டு! சின்ன! வீடு சின்ன!"

"சின்ன வீடா? காக்கா, எனக்கு ஒரு வீடுதான், ஒரு பெண்சாதிதான்!"

"அட, ஈடு மீளாம மூழ்கிப் போறதச் சிங்களத்தில அப்பிடித்தான் சொல்லுற!"

சிப்பாய் தரையில் கிடந்த படத்தைப் பார்த்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஓடிப்போய், வந்துகொண்டிருந்த லொறியொன்றை மறித்து, நல்லரத்தினத்தை முன்சீட்டில் தூக்கி ஏற்றாத குறையாக ஏற்றி, சாரதியிடம் ஏதோ கத்தினான்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க லொறி கந்தோர் வாசலில் நின்றது.

பொழுதுபடும் நேரம் வீட்டு உறுதிப் பத்திரத்தோடு அவர் திரும்பி வந்தபோதும் அதே சிப்பாய்தான். பையைத் திறக்கச் சொல்லவில்லை.

"வீடு?"

"இருக்கு ஐயா."

சிப்பாய் தலையாட்டினான். "எங்கட வீடு சின்ன ஆச்சு. அதுதான் நான் ஆமி."