ஒரு சுற்று குறைந்த ஸ்பிரிங்

மலைப்பாதையில் ஓடும் வாடகைக் கார்களின் சுருள்வில் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பதை அரசு அறிய விரும்பியது. சாலை எவ்வளவு குழியாக இருக்கிறது என்பதை அறிய விரும்பவில்லை. அது வேறு துறை.

அதன்படி பந்தலூரில் 'சுருள்வில் விறைப்புச் சான்றளிப்புப் பிரிவு' திறக்கப்பட்டது. ஒரு மேசை, ஒரு ஸ்கேல், ஒரு கால்குலேட்டர், இவை மூன்றுக்கும் பொறுப்பாக ரமேஷ் என்ற உதவிப் பொறியாளர். சான்று இல்லாத கார் வெள்ளிக்கிழமை முதல் ஓடக் கூடாது என்று ஆணையும் வந்தது.

சேரங்கோட்டு டிரைவர் மோசஸுக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் கவலை. தேயிலைத் தோட்ட லயத்தில் பக்கத்து வீட்டுப் பெரியவர் சங்கிலியைச் செவ்வாயும் வெள்ளியும் கூடலூருக்கு டயாலிசிஸ் செய்யக் கூட்டிப்போவது அவர் கார்தான். ஒரு தடவை தவறினால் சங்கிலிக்குக் கால் வீங்கும். இரண்டு தடவை தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை; சங்கிலியும் கேட்கவில்லை.

வியாழன் காலை இருவருமே பந்தலூருக்குக் கிளம்பினார்கள். மாதா கோயில் வளைவில் உள்ள பெரிய குழியை மூடச் சொல்லி, சங்கிலி மூன்று வருடமாக மாதம் ஒரு மனு கொடுத்துவருகிறார். முப்பத்தேழாவது மனு சட்டைப்பையில் இருந்தது. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியதில் கார் அதே குழியில் இறங்க, முன்பக்கம் இடதுபுறம் 'டங்' என்றது.

"கொஞ்சம் முந்தி ஒடிஞ்சிருந்தா இதையும் மனுவுல சேத்திருப்பேன்," என்றார் சங்கிலி.

சுருள்வில் நேரில் ஆஜராக வேண்டும் என்பது விதி. பக்கத்து ஒர்க்‌ஷாப் ஆண்ட்ரூ முன்சக்கர ஸ்பிரிங் இரண்டையும் கழற்றிக்கொடுத்தார். மோசஸ் அவற்றைச் சுமந்துபோய் மேசைமேல் வைத்தார். வலது ஸ்பிரிங் முழுசாக இருந்தது. இடது அடிச்சுற்று ஒடிந்து இரண்டு துண்டு.

ரமேஷ் வலதை அளந்தார். "கம்பித் தடிமன் பன்னிரண்டு மில்லிமீட்டர்."

"பன்னிரண்டரைக்கு மேல காட்டுதுங்க சார்."

"பின்னத்தை விட்டுடணும்னு சுற்றறிக்கை. அரசாங்கத்துக்குப் பின்னம் கிடையாதுங்க."

சூத்திரம் சுவரில் ஒட்டியிருந்தது. கம்பியின் தடிமனை நான்கு தடவை பெருக்கி மேலே போட வேண்டும். சுருளின் அகலத்தை மூன்று தடவை பெருக்கி, சுற்றுகளின் எண்ணிக்கையோடு சேர்த்துக் கீழே போட வேண்டும். சூத்திரத்தில் குற்றமில்லை. நல்ல சூத்திரம்தான், வேலைக்குச் சேர்ந்த இடம் அப்படி. விட்ட பின்னமும் நான்கு தடவை தொலைந்தது.

"ஆறு சுற்று. விறைப்பு இருபத்தைந்து புள்ளி ஏழு. முப்பது வேணுமுங்க. தள்ளுபடி."

அடுத்து இடது. "தடிமன் அதே பன்னிரண்டு. அகலமும் அதே. சுற்று ஐந்து." கால்குலேட்டரைத் தட்டிய ரமேஷின் முகம் மலர்ந்தது. "முப்பது புள்ளி ஒன்பது. ரொம்ப நல்ல ஸ்பிரிங்."

"அது ஒடிஞ்சது சார்." மோசஸ் மிச்சத் துண்டை எடுத்துக் காட்டினார்.

"என்னதுங்க அது?"

"ஆறாவது சுத்து."

"அதுக்குப் படிவத்துல கட்டம் இல்லீங்க. நான் பார்க்கலை." பிறகு இரக்கப்பட்டு விளக்கினார். "சுற்று கீழே இருக்குது பாருங்க. கீழே இருக்கறது குறைஞ்சா விடை ஏறும். கணக்குங்க இது, நானாச் சொல்லலை."

பெஞ்சிலிருந்து சங்கிலி கேட்டார்: "எல்லாச் சுத்தும் ஒடிஞ்சிட்டா சார்?"

ரமேஷ் நேர்மையாக யோசித்தார். "கால்குலேட்டர் ஒத்துக்காது. ஆனா கொள்கையளவுல, அளவில்லாத விறைப்பு."

"அப்ப ஸ்பிரிங்கே இல்லாத வண்டிதான் முதல் தரம்."

"வலதுக்கு என்ன பண்றதுங்க சார்?" என்றார் மோசஸ். "நாளைக்கு இவரு ஆஸ்பத்திரி போகணும்."

"இடது மாதிரி ஆகணும்."

"உடைக்கச் சொல்றீங்களா?"

"நான் எப்படிங்க சொல்ல முடியும்? கருவியால வெட்டினா செல்லாது, விதி ஏழு. சாலையில ஓடி வந்த மாற்றம் செல்லும், விதி எட்டு. அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்."

ஸ்பிரிங் இரண்டையும் பூட்டிக்கொண்டு, வழியில் சாலைத் துறை ஆபீஸில் மனுவைக் கொடுத்துவிட்டு மாதா கோயில் வளைவுக்கு வந்தார்கள். மூன்று வருடமாக விலகி விலகி ஓட்டிய குழியை மோசஸ் முதல்தடவையாக மரியாதையோடு பார்த்தார். சங்கிலி இறங்கிப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னும் கொஞ்சம் வலது, தம்பி. இப்ப வுடு."

மூன்றாவது தடவை ஹெட்லைட் கழன்றது. ஆறாவது தடவை 'டங்'. பதினெட்டு வருட டிரைவரான மோசஸ், தன் கார் உடைந்த சத்தம் கேட்டுச் சிரித்தது அன்றுதான்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சான்று கையில் வந்தது: 'இருபுறமும் ஒத்த விறைப்பு. மலைப்பாதைக்கு மிகவும் உகந்தது.'

மிகவும் உகந்த அந்தக் காரில் வெள்ளிக்கிழமை கூடலூர் போய்த் திரும்புவதற்குள் சங்கிலியின் தலை கூரையில் பதினோரு தடவை இடித்தது. "மெஷின்ல கெடந்த நாலு மணி நேரந்தான் தம்பி ஒடம்புக்கு ரெஸ்ட்டு," என்றார்.

மோசஸுக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை புது ஸ்பிரிங் இரண்டு வாங்கிப் பூட்டினார். ஒடிந்ததைப் பழைய இரும்புக்குப் போட்டார். அதற்கப்புறம்தான் சான்றின் பின்பக்கத்தைப் படித்தார்: புது ஸ்பிரிங்குக்குப் புதுச் சான்று. புதுசுக்கும் சுற்று ஆறு.

திங்கள் காலை குழிக்குப் போனால் அங்கே வரிசை. பந்தலூர் ஸ்டாண்டு கார் அத்தனையும் நின்றது. கார் தாழ்ந்து இருந்தால்தான் ஸ்டைல் என்று ஊட்டியிலிருந்து வந்த இரண்டு பையன்கள், சான்றே தேவைப்படாதவர்கள், வீடியோ எடுத்துக்கொண்டு நின்றார்கள். வரிசைக்கு முன்னால் தாரும் ஜல்லியும் ஏற்றிய லாரி. முப்பத்தேழாவது மனுவை யாரோ கவனக்குறைவாகப் படித்துவிட்டார்கள்.

டிரைவர்கள் லாரியை மறித்துவிட்டுச் சங்கிலியைப் பார்த்தார்கள். மனு எழுதத் தெரிந்தவர் அவர்தான். சங்கிலி உச்சந்தலையைத் தடவினார். புடைப்பு இன்னும் இருந்தது.

"அண்ணே," என்றார் மோசஸ், "நாளைக்குச் செவ்வாக்கெழமை."

சங்கிலி பேனாவை எடுத்தார். வாசகம் மனப்பாடம், 'மூடித் தருமாறு' என்ற இடத்தில் மட்டும் 'மூடாதிருக்குமாறு' என்று எழுதினார். அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மோசஸ் கையெழுத்துதான் முதலில்.

மதியம் மூன்று மணிக்கே பதில் வந்துவிட்டது: 'தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. குழி தற்போதைய நிலையிலேயே பராமரிக்கப்படும்.'

மூன்று வருடத்தில் அவர் மனுவுக்கு வந்த முதல் பதில். சங்கிலி அதை இரண்டு தடவை படித்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாலத்துக் கட்டையில் போய் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் வலது, தம்பி."