லைன்மனுக்குப் பெண் கொடுப்பதில்லை

ஸ்காபரோ,
ஞாயிற்றுக்கிழமை காலை.

பேரன்பும் பெருமதிப்பும் மிக்க பெரியக்கா அவர்களுக்கு, தம்பி தியாகலிங்கம் எழுதிக்கொள்வது. என் பிரஷரைத் தவிர இந்த வீட்டில் எல்லோரும் சுகம். லண்டன் குளிரில் அத்தானின் இருமல் தணிந்திருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். துர்க்காவுக்கு அங்கே ஒரு எக்கவுண்டன்ற் மாப்பிள்ளை இருப்பதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அந்தப் பிள்ளையின் சாதகக் குறிப்பை உடனே அனுப்பவும். ஏன் இந்த அவசரம் என்று கேட்பீர்கள். போன கிழமை சாப்பாட்டு மேசையில் வைத்து, தன்னோடு யூனிவேர்சிற்றியில் படிக்கிற ஜனார்த்தன் என்ற பெடியனைத்தான் கட்டுவேன் என்று துர்க்கா சொல்லிவிட்டாள். எங்கள் ஆட்கள்தானாம், தகப்பன் நீர்வேலியாம். சரியென்று மனதைத் தேற்றிக்கொண்டு, "பெடியன் என்ன செய்யிறான்?" என்று கேட்டேன். "அவன் லைன்மன் அப்பா" என்றாள், பெருமையாக.

அக்கா, நான் யாழ்ப்பாணத்தில் மின்சார சபையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். எனக்குக் கீழே இருபத்தாறு லைன்மன்மார். ஏணியைத் தோளில் சுமந்து சைக்கிளில் வந்து, போஸ்ற்றில் ஏறி வயர் முடிகிறவர்கள். நல்ல மனிசர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் லீவுக் கடிதத்தோடு என் மேசைக்கு முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்ற உத்தியோகத்துக்கு என் ஒரே மகளைக் கொடுக்கிறதோ? சண்டையால் ஊரில் கரண்டே இல்லாமல் போய் ஆறு வருடமாகிறது, லைன்மன் மட்டும் என்னைத் தேடிக் கனடாவுக்கு வந்துவிட்டான். "யூனிவேர்சிற்றியிலை படிக்கிறவன் ஏன் பிள்ளை போஸ்ற்றிலை ஏறுறான்?" என்று கேட்டேன். "போஸ்ற் இல்லையப்பா, ஃபுட்போல். ஹீ இஸ் அன் ஒஃபென்சிவ் லைன்மன்" என்றாள். அகராதியை எடுத்துப் பார்த்தேன். ஒஃபென்சிவ் என்றால் அருவருப்பான, மனதைப் புண்படுத்துகிற என்று போட்டிருக்கிறது. சும்மா லைன்மன் என்றாலும் பரவாயில்லை, அருவருப்பான லைன்மன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"சனிக்கிழமை அவையின்ரை பௌல் கேம். ஜஸ்ற் வந்து பாருங்கோ, பிறகு சொல்லுங்கோ" என்று அழுதாள். போய், பெடியனின் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லிவிட்டு வருவது என்று நான் தீர்மானித்தேன். இரண்டு யூனிவேர்சிற்றிகள் வருடக் கடைசியில் மோதுகிற பெரிய ஆட்டத்துக்குத்தான் பௌல் என்று பெயராம். இது என் மனிசி கமலாம்பிகைக்குத் தெரியாது. அவளுடைய ஃபக்ரறியில் ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுபோகிற பார்ட்டி நடக்கும். இதுவும் அப்படித்தான் என்று எண்ணி, எனக்கும் சொல்லாமல் அறுபது மட்டன் ரோல்ஸ் பொரித்து, எங்கள் பெரிய கண்ணாடி பௌலில் அடுக்கி, பஸ்ஸிலும் சப்வேயிலும் மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். ஸ்கைடோம் மைதான வாசலில் காவல்காரன் மறித்தான், வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டானாம். "பௌல் கேமுக்குப் பௌல் கொண்டராமல் வேறை என்னத்தைக் கொண்டாறது?" என்று இவள் தமிழிலேயே சண்டைக்குப் போய்விட்டாள். அவன் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தான். பிறகு கூட்டாளிமாரைக் கூப்பிட்டான். பௌலை வாசலில் விட்டுவிட்டு நாங்கள் உள்ளே போனோம்.

உள்ளே போனதும் முன்வரிசை காலியாக இருக்கிறதென்று நான் பாய்ந்து பிடித்த இடம் எதிர்ப்பக்கத்தாருடையது. முகமெல்லாம் மஞ்சள் பெயின்ற் அடித்த பெடியள் என் கையில் ஒரு ஊதுகுழலைத் தந்தார்கள். மரியாதைக்கு ஊதினேன். நான் ஊதிய நேரமெல்லாம் ஜனார்த்தனின் ஆட்களுக்கு அடி விழுந்த நேரமாம். துர்க்கா வந்து என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்வதென்றால், ஃபுட்போல் என்று பெயர், காலால் உதைப்பது அபூர்வம். பந்தும் உருண்டையில்லை, பப்பாப்பழம் மாதிரி. பத்து விநாடி வேலை செய்வார்கள், பிறகு வட்டமாக நின்று தலையைக் குனிந்து மீற்றிங் வைப்பார்கள். மின்சார சபையிலும் இதுதான் முறை என்றபடியால் எனக்குச் சுகமாக விளங்கியது. அறுபத்துநாலாம் இலக்கத்தைத் துர்க்கா காட்டினாள். கதவளவு ஆள். "பந்து எப்ப உவனிட்டை வரும்?" என்று கேட்டேன். "வராதப்பா. அவன் பந்தைத் தொடக்கூடாது" என்றாள். பின்னால் ஒரு மெல்லிய பெடியன் பந்தோடு நிற்பான். அவன் அதை எறியுமட்டும் அவனில் அடி விழாமல், முன்னுக்கு நின்று எல்லா அடியையும் தான் வாங்குவதுதான் லைன்மனின் வேலை. பந்து வைத்திருக்கிற பக்கத்துக்குத்தான் ஒஃபென்ஸ் என்று பெயராம். மூன்று மணித்தியாலம் வாங்கினான். கைதட்டல் முழுக்க எறிந்தவனுக்கு. சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். ஒன்றுமில்லையாம். சபை லைன்மனுக்காவது பென்சனும் மழைக்கோட்டும் இருந்தன, இவனுக்கு அதுவுமில்லை. என் தீர்மானம் அந்த இடத்திலேயே இரண்டு மடங்கானது.

கடைசி நிமிடத்தில் இவர்கள்தான் வென்றார்கள். பந்தோடு ஓடியவனைத் தோளில் தூக்கினார்கள். அறுபத்துநாலாம் இலக்கத்தை ஸ்ட்ரெச்சரில் தூக்கினார்கள். முழங்கால் விலகிவிட்டதாம். அதனால் சொல்லப் போனதைச் சொல்ல வசதிப்படவில்லை. அதற்காக என் முடிவு மாறாது. தியாகலிங்கம் ஒன்றை முடிவெடுத்தால் எடுத்ததுதான் என்று உங்களுக்குத் தெரியும். ஆகவே சாதகத்தை அடுத்த தபாலிலேயே அனுப்பவும்.

அத்தானுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு எங்கள் ஆசியையும் சொல்லவும்.

இங்ஙனம்,
என்றும் தங்கள் சொல் கேட்கும் தம்பி,
தியாகலிங்கம்.

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கமலாம்பிகை வாங்கி வாசித்துவிட்டு, "நடந்ததை ஏன் அக்காவுக்கு ஒளிக்கிறியள்? எழுதுங்கோ" என்று பேனையைத் திரும்பத் தந்தாள். எழுதுகிறேன். ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் ஓடியது துர்க்கா மட்டுமல்ல, நானும்தான். கட்டுப் போடுகிற அறை வாசலில் ஒரு நர்ஸ் மறித்து, சொந்தக்காரர் மட்டும்தான் உள்ளே வரலாம், நீங்கள் என்ன முறை என்று கேட்டாள். பெடியனின் தாய் தகப்பன் வின்னிபெக்கில் இருக்கிறார்கள். உள்ளே அந்தப் பெரிய உடம்பு தனியக் கிடந்து, சத்தம் வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. எனக்கு நெஞ்சு தாங்கவில்லை அக்கா. "மாமா" என்று சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை. "ஃபாதர் இன் லோ" என்று பலத்துச் சொன்னேன். அது அறையிலிருந்த எல்லோருக்கும் கேட்டுவிட்டது, எனக்குப் பக்கத்தில் நின்ற துர்க்காவுக்கும். பெடியன், "தாங்ஸ் அங்கிள்" என்று தொடங்கிவிட்டு, "மாமா" என்று திருத்திச் சொன்னான். இனி அதைத் திருப்பி வாங்க ஏலாது.

ஆகவே சாதகம் அனுப்ப வேண்டாம். முழங்கால் சுகப்பட்ட பிறகு கலியாணத்தை ஆவணியில் வைக்கலாம் என்று கமலாம்பிகை சொல்கிறாள், நீங்களும் அத்தானும் கட்டாயம் வரவேண்டும். ஒரு உதவி. சாதாரணப் பட்டுவேட்டி இவனுக்குப் பாதித் தூரம்தான் சுற்றிவரும். லண்டன் கடைகளில் பெரிய அளவு கிடைக்குமோ என்று விசாரிக்கவும். கட்டுப் போடும்போது ஆளுக்குத் தெரியாமல் இடுப்பைச் சாண் போட்டுப் பார்த்தேன். முன்பக்கம் மட்டும் இரண்டரைச் சாண்.