கூரையில் ஒரு கண்ணாடி போட்டேன்

சும்மா இருப்பது எனக்குக் கைவராத கலை. ஓர் இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் எதையாவது நகர்த்தத் தோன்றும். (பள்ளிக்கூடத்தில் என் வகுப்பு பெஞ்சுகள் மாதத்துக்கு ஒரு திசையைப் பார்க்கும்.) இந்தக் குணத்தோடு நான் ஒரு வீட்டை விற்கக் கிளம்பினேன்.

என் கணவர் அந்தோணிக்கு மைசூரிலிருந்து ஓசூருக்கு மாற்றல் வந்திருந்தது. இரண்டு மாதத்துக்குள் வீட்டை விற்றுவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் ஒன்றாகப் போய்விடுவதாகத் திட்டம். எங்களுடையது வரிசை வீடு. இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர். பட்டப்பகலிலும் ஹாலில் லைட் எரியும். வெள்ளையடித்தால் போதும் என்றார் அவர். நானோ, கூரையில் கண்ணாடி வைத்து வெளிச்சம் கொண்டுவந்தால் வீட்டு மதிப்பு ஏறும் என்று போனில் எங்கோ படித்துவிட்டேன். அதற்கப்புறம் என்னை யார் பிடிப்பது?

கௌதள்ளி என்ற தமிழர் ஊரிலிருந்து வந்த மேஸ்திரி பழனிச்சாமி மாடியைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"டீச்சர், காங்கிரீட்ல ஓட்டை போடறது லேசுங்க. ஒழுகாம வெக்கறதுதானுங்க கஷ்டம்."

நான் காதில் வாங்கவில்லை. காற்று வரட்டும் என்று கண்ணாடிக்குக் கீழே சுற்றிலும் இடைவெளி வேறு விடச் சொன்னேன். ஹால் பளிச்சென்று ஆனது. (பல வருடத்து ஒட்டடையும் அன்றைக்குத்தான் தெரிந்தது.) முதல் மழைக்கே ஒழுகியது. பக்கெட் வைத்தேன். பழனிச்சாமி வந்து, காற்று இடைவெளியை விட்டுவிட்டு ஒழுகிய விரிசலை மட்டும் எதையோ பூசி அடைத்துவிட்டுப் போனார்.

அடுத்த சனிக்கிழமை மதியம், குண்டலுபேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற பேங்க் ஆபீசர் ஒருவர் மனைவியோடு வீடு பார்க்க வந்தார். உட்கார்ந்ததும் உச்சி வெயில் அவர் வழுக்கையில் நேராக விழுந்தது. சோபாவை இழுத்தேன். இப்போது மனைவி முகத்தில் விழுந்தது. மறுபடி இழுத்தேன். கடைசியில் இருவரும் சுவரோரம் நின்றுகொண்டே காபி குடித்தார்கள்.

மழைக்கு ஒழுகுமா என்று கேட்டார் ஆபீசர். (பேச்செல்லாம் கன்னடத்தில்.)

"ஒரு சொட்டுகூட ஒழுகாது சார்" என்றேன்.

"போன வாரம் பக்கெட் வெச்சிருந்தீங்களே டீச்சர்" என்றது ஒரு குரல். மேலேயிருந்து.

அண்ணாந்து பார்த்தோம். கண்ணாடியில் முகத்தை ஒட்டி, கைகளைக் கண்களுக்குக் குடையாகப் பிடித்தபடி பக்கத்து வீட்டு சுசீலம்மா. எங்கள் இரண்டு மொட்டைமாடிக்கும் நடுவே முழங்கால் உயரச் சுவர்தான். துணி காயப்போட வந்தவர், யார் வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்திருக்கிறார்.

ஆபீசர் அடுத்ததாகத் தண்ணீர் பற்றிக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்.

"ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் சார்" என்றார் சுசீலம்மா.

கொசு, தெருநாய், கார் நிறுத்த இடம் என்று எல்லாவற்றையும் அவரிடமே விசாரித்தார்கள். அவரும் மனசாரப் பதில் சொன்னார். டீச்சர் நல்ல மாதிரி, ஓயாமல் சாமான் இழுக்கிற சத்தம் மட்டும்தான் என்று எனக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார். நான் சோபாவைப் பிடித்தபடி நின்றிருந்தேன். இழுக்கத் தைரியம் வரவில்லை.

கிளம்பும்போது ஆபீசர் ஒன்றுதான் கேட்டார். "இதை மூட எவ்வளவு ஆகும்?"

அவர் திரும்பி வரவேயில்லை. புரோக்கர் மட்டும் ஊரெல்லாம் "அந்த ஓட்டை வீடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கெடு முடிந்தது. அந்தோணி பெட்டியோடு தனியாக ஓசூர் போனார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் உறுத்தியது. மூன்று வருடம் சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் வந்து போனார். மறுபடி மைசூருக்கே மாற்றல் கிடைத்த பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது. வீடு இன்னும் எங்களுடையதுதான்.

ஒரு பழக்கம் மட்டும் எங்கள் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. யாராவது புளுகினால் மற்றவர்கள் பேசாமல் அண்ணாந்து பார்ப்பார்கள். போன மாதம் சர்க்கரைக்கு டாக்டரிடம் போயிருந்தோம். இனிப்பைத் தொடுவதே இல்லை என்றேன். அந்தோணியும் மகளும் மெதுவாகக் கூரையைப் பார்த்தார்கள்.

டாக்டரும் பார்த்தார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு ஃபேனைக் குறைக்கச் சொன்னார்.